ஒரு நாள் முழுக்க அது சொன்னபடி சமைத்தேன்: ஒரு பேலியோ செயலியோடு பட்ட பாடு

ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாக இந்தச் செயலியிடம் ஒப்படைத்தேன். பேலியோ சாப்பாட்டுக்குத் திட்டம் போட்டு, வாங்க வேண்டியதைப் பட்டியல் எழுதி, சமையல் குறிப்பும் கொடுத்து, கடைசியில் புரதம் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று கணக்கும் காட்டுகிற செயலி. பெயர் சொல்லப்போவதில்லை. என் வீட்டு அடுப்படியில் நடந்த கூத்துக்கு ஒரு பெயரைத் தெருவுக்கு இழுப்பானேன்? தவிர, இந்த வகையில் நான் பார்த்த மற்றவையும் ஏறக்குறைய இதே அச்சுதான். காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரிப் பாத்திரம் கழுவி முடிக்கிறவரை அது சொன்னதை மட்டும் செய்வது, என் புத்தியைக் கொண்டு எதையும் திருத்துவதில்லை என்று முடிவு. அந்த முடிவை மத்தியானம் ஒரு மணிக்குக் கைவிட்டேன், அந்தக் கதை வரும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்ன சாப்பிடலாம் என்று சொல்வதில் இது பரவாயில்லை ரகம். ஒரு நாளைச் சமைத்து முடிப்பது எப்படி என்பது இதற்குத் தெரியவே தெரியாது. நான்கு தனித்தனிச் சமையல் குறிப்புகளை வரிசையாக அடுக்கி, மேலே ‘இன்றைய திட்டம்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பேலியோ என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு நாலு வரி. தானியம் கிடையாது, பருப்பு பயறு வகை கிடையாது, பால் பொருள் கிடையாது, சர்க்கரையும் பொட்டலத்தில் வரும் தயார் உணவும் கிடையாது. இறைச்சி, மீன், முட்டை, காய்கறி, பழம், கொட்டைகள், விதைகள், கிழங்கில் சிலது, இவ்வளவுதான் தட்டில். கற்கால மனிதன் சாப்பிட்ட மாதிரி என்பது பேச்சு. செயலியைத் திறந்தவுடன் ஈட்டியோடு ஒருவர் ஓடிக்கொண்டிருப்பார், தவிர்க்க முடியாத படம். இந்தப் பேச்சு மருத்துவ உலகில் பெரிதாக எடுபட்டது 1985-ல், மருத்துவர் பாய்ட் ஈட்டனும் மானுடவியலாளர் மெல்வின் கானரும் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான். ஆனால் பழைய கற்காலம் என்பது 25 லட்சம் ஆண்டுகளுக்கும் மேலாக நீண்ட காலம், அதில் எந்த ஊர்க்காரன் எந்தப் பருவத்தில் தின்றதை எடுத்துக்கொள்வது? இத்தாலியிலும் ரஷ்யாவிலும் செக் நாட்டிலும் கிடைத்த சுமார் 30,000 ஆண்டுப் பழைய அரைக்கும் கற்களில் செடிகளின் மாவுச்சத்துத் துகள்கள் ஒட்டியிருந்ததை 2010-ல் எழுதியிருக்கிறார்கள், அதாவது அப்போதே யாரோ உட்கார்ந்து மாவு அரைத்திருக்கிறார்கள். எனக்கு இதில் சண்டை எதுவும் இல்லை. பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டுகிற பழக்கம் குறைகிறது, காய்கறி கூடுகிறது, அதற்காகத்தான் நான் வாரத்தில் சில நாள் இப்படிச் சாப்பிடுகிறேன். குகைக்காக இல்லை.

சரி, அந்த நாளுக்கு வருவோம். இரண்டு பேர் என்று போட்டேன், நானும் தம்பியும். காலைக்கு ஆளுக்கு மூன்று முட்டையில் காளானும் பசலைக்கீரையும் போட்ட ஆம்லெட். மத்தியானம் ஓவனில் சுட்ட கோழி நெஞ்சுக்கறி, பிராக்கோலி, கூடவே சர்க்கரைவள்ளிக்கிழங்கு. சாயங்காலம் ஆப்பிளும் பாதாமும். ராத்திரி மீன், காலிஃபிளவரைச் சோறு மாதிரி துருவி வதக்கியது, கொஞ்சம் பச்சைக்காய் கலவை. படிக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. மேலே ‘பல்வேறு காய்கறி’ என்று ஒரு பச்சைப் பட்டை வேறு குத்தியிருந்தார்கள். பிராக்கோலி, காலிஃபிளவர், கலவையில் முட்டைக்கோஸ், மூன்று காய் என்று கணக்கு. மூன்றும் ஒரே செடியினத்திலிருந்து மனிதன் வளர்த்துப் பிரித்தெடுத்த வகைகள் என்பது பட்டை குத்தியவருக்குத் தெரியாது போல. பூவைப் பெருக்கினால் காலிஃபிளவர், இலையை மூடவைத்தால் கோஸ். பங்காளி மூன்று பேரைக் கூப்பிட்டு ஊர்க் கூட்டம் என்கிற கதை.

வாங்கும் பட்டியலில்தான் முதல் சிரிப்பு. மூன்று குறிப்புகளில் எலுமிச்சை வருகிறது, ஒன்றில் கால், ஒன்றில் அரை, ஒன்றில் கால். பட்டியலில் மூன்று எலுமிச்சை. ஒவ்வொன்றையும் தனியாக மேலே முழுமையாக்கிவிட்டுக் கூட்டியிருக்கிறது, ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகூட முதலில் கூட்டிவிட்டு அப்புறம்தான் முழுமையாக்கும். காலிஃபிளவர் பாதிதான் தேவை, பாதியாக யார் தருவார்கள், முழுப் பூ வாங்கினேன். மீதிப் பாதிக்கு அடுத்த நாள் திட்டத்தில் இடம் இருக்குமென்று பார்த்தால் அங்கே கத்திரிக்காய் வந்து உட்கார்ந்திருக்கிறது. திட்டம் போடுவது என்றால் எனக்குத் தெரிந்தவரை இந்த மீதியை யோசிப்பதுதான் முக்கால்வாசி. நல்லது ஒன்றும் சொல்ல வேண்டும், வீட்டில் ஏற்கெனவே இருப்பதைத் தட்டிவிட்டால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறது, அதைத் தடுமாற்றமில்லாமல் செய்கிறது.

தட்டும்போது ஒன்று கவனித்தேன். பாதாம் வீட்டில் இல்லை, வேண்டாம் என்று போட்டுப் பார்த்தால், பதிலுக்கு நிலக்கடலை வெண்ணெய் சேர்க்கச் சொல்கிறது. நிலக்கடலை பெயரில்தான் கடலை கொட்டை எல்லாம், சாதியில் அது பயறு, பட்டாணிக்குச் சொந்தக்காரன். பேலியோவில் முதல் பக்கத்திலேயே தள்ளிவைக்கிற பொருள். ராத்திரி மீனுக்கு ஊறவைக்கும் கலவையில் சோயா சாஸ் இருந்தது, அதுவும் வழக்கமாகச் சோயாவையும் கோதுமையையும் சேர்த்துப் புளிக்கவைத்துச் செய்வது, ஒரே ஸ்பூனில் இரண்டு விதியும் காலி. இதற்குத்தான் சந்தா கட்டியிருக்கிறேன். நிலக்கடலை சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது, எனக்குத் தெரியும், ஆனால் விதியைக் காப்பதற்கென்றே விற்கிற பொருள் விதியை மறந்தால் எப்படி? பாதாமையே வாங்கினேன். சோயா சாஸுக்குப் பதில் உப்பும் எலுமிச்சையும்.

காலை ஆம்லெட். குறிப்பில் பத்து நிமிடம். எனக்கு 31 நிமிடம் ஆனது, கடிகாரம் வைத்துப் பார்த்தேன். நான் மந்தம் என்று வைத்துக்கொண்டாலும் காரணம் அது மட்டுமில்லை. குறிப்பின் பொருள் பட்டியலில் ‘நறுக்கிய காளான் ஒரு கோப்பை, கழுவி ஆய்ந்த கீரை இரண்டு கோப்பை’ என்று இருக்கும். நறுக்குவதும் கழுவுவதும் ஆய்வதும் பட்டியலுக்குள்ளேயே ஒளிந்துகொண்டன, நிமிடக் கணக்கு அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. யாரோ வந்து எல்லாவற்றையும் சின்னக் கிண்ணங்களில் வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும், தொலைக்காட்சிச் சமையலில் மாதிரி. இந்தச் செயலிக்கு மட்டுமான குற்றமில்லை, அச்சிட்ட சமையல் குறிப்பு எல்லாவற்றிலும் இருக்கிற பொய்தான். வெங்காயத்தைப் பத்து நிமிடத்தில் பழுப்பாக வதக்கச் சொல்வார்களே, முக்கால் மணி நேரம் ஆகிற வேலையை, அந்த இனம். ஆனால் ஒரு நாள் முழுக்க நாலு வேளையையும் இதை நம்பித் திட்டமிடும்போது பொய் நாலு மடங்காகிறது. ஆம்லெட் ருசி நன்றாகவே இருந்தது. காளானைத் தனியாக, எண்ணெயே இல்லாமல், அது விடுகிற தண்ணீர் வற்றும்வரை வதக்கி அப்புறம் எண்ணெய் ஊற்றச் சொல்லியிருந்தது, அது சரியான வழி.

மத்தியானம்தான் போர்க்களம்.

மத்தியானச் சாப்பாடு என்று பெரிதாக ஒரு அட்டை, 30 நிமிடம் என்று போட்டிருக்கிறது. பன்னிரண்டரைக்கு ஆரம்பித்தால் ஒரு மணிக்குச் சாப்பாடு. ஓவனை 220 டிகிரி செல்சியஸில் சூடுபண்ணி, கோழியையும் பிராக்கோலியையும் உள்ளே வைத்துவிட்டு, சர்க்கரைவள்ளிக்கிழங்குக்கு என்ன என்று கீழே தள்ளிப் பார்த்தால், அது ‘துணை உணவு’, தனிக் குறிப்பு, தனி நேரம். திறந்தேன். ‘ஓவனை முன்கூட்டிச் சூடுபண்ண வேண்டாம். கிழங்கைக் கழுவி முழுசாகக் குளிர்ந்த ஓவனில் வைத்து 180 டிகிரியில் 70 நிமிடம்.’ மணி பன்னிரண்டு ஐம்பது. என்னிடம் இருப்பது ஒரே ஓவன், அதுவும் உள்ளே கோழியோடு 220-ல் கனன்றுகொண்டிருக்கிறது. ஒரே வேளைச் சாப்பாட்டின் இரண்டு பாதிகளும் ஒரே பெட்டியை இரண்டு வெப்பத்தில் கேட்கின்றன என்பதை இந்தத் திட்டம் போட்டது கவனிக்கவே இல்லை. கவனிக்க வழியும் இல்லை, குறிப்புக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று அது படிப்பதில்லை, ‘கோழி, காய், மாவுச்சத்து’ என்ற மூன்று பெட்டிகளை நிரப்புகிறது. அங்கேதான் என் சபதத்தைக் கைவிட்டு அடுப்படிக்கு நானே தலைவன் ஆனேன்.

கோழியும் சொன்னபடி கேட்கவில்லை. இரண்டு பேருக்கு என்று மாற்றியபோது பொருளின் அளவை இரண்டு மடங்காக்கியது, தட்டை அப்படியே விட்டுவிட்டது. ஒரே தட்டில் கோழியும் பிராக்கோலியும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கிடந்தன. இதில் நடப்பது எளிய விஷயம், ஈரம் ஆவியாகிப் போகிறவரை மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது, பழுப்பு நிறமும் அந்த மணமும் வருவதற்குச் சுமார் 140 வேண்டும். இடைவெளி இருந்தால் ஆவி தப்பித்துப் போகும், நெருக்கினால் அங்கேயே சுற்றும். சுட்ட கோழி கேட்டேன், அவித்த கோழி வந்தது. பிராக்கோலி மழையில் நனைந்த மாதிரி. 20 நிமிடம் ஆனதும் எடுக்கச் சொல்லியிருந்தார்கள், வெந்ததா என்று பார்க்க ஒரு வார்த்தை இல்லை. தெர்மாமீட்டரைக் குத்தினால் நடுவில் 61 டிகிரி. கோழிக்கு 74 வர வேண்டும். இன்னும் ஒன்பது நிமிடம் வைத்தேன். இறைச்சியையே மையமாக வைத்த ஒரு முறைக்குச் செயலி எழுதுகிறவர்கள் எந்த இடத்திலும் தெர்மாமீட்டர் என்ற சொல்லையே எழுதவில்லை என்பது எனக்கு ஆச்சரியம்தான். பேலியோ சமைக்க ஆரம்பிக்கிறவர்கள் எந்தச் செயலிக்கும் முன்னால் வாங்க வேண்டியது அது ஒன்றும், ஒரு டிஜிட்டல் தராசும்.

கோழியை எடுத்தபின் ஓவனை ஆறவிட்டு வைத்த கிழங்கு மூன்று மணிக்கு வந்தது. கோழி சாப்பிட்டுத் தம்பி தூங்கவே போய்விட்டான். நான் மட்டும் அடுப்பு மேடையோரம் நின்று தட்டை வெளியே எடுத்தேன். தோல் சுருங்கி, அங்கங்கே வெடித்து, வெடிப்பு வழியே பாகு வழிந்து தட்டில் கறுத்து ஒட்டியிருந்தது. விரலால் அழுத்தினால் தோல் சட்டை மாதிரி கழன்று வருகிறது. நான் பல தடவை இந்தக் கிழங்கைத் துண்டு போட்டு அதிகச் சூட்டில் அரை மணியில் சுட்டிருக்கிறேன், இந்த இனிப்பு வந்ததே இல்லை. காரணம் உண்டு, கிழங்குக்குள்ளேயே இருக்கிற ஒரு நொதி மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றுகிறது, அது சுறுசுறுப்பாக வேலை செய்வது சுமார் 60 முதல் 75 டிகிரிக்குள். குளிர்ந்த ஓவனில் வைத்து மெதுவாகச் சூடேற்றினால் கிழங்கு அந்தப் படியில் வெகுநேரம் நிற்கிறது, எடுத்த எடுப்பில் சுட்டால் தாண்டி ஓடிவிடுகிறது. உப்புகூடப் போடாமல் ஒரு முழுக் கிழங்கை நின்ற இடத்திலேயே தின்று தீர்த்தேன். இந்தக் குறிப்பை எழுதியவர் யாரோ, அவருக்குச் சமைக்கத் தெரியும். திட்டம் போட்டவருக்கும் அவருக்கும் அறிமுகமே இல்லை, அதுதான் பிரச்சினை.

சாயங்கால ஆப்பிளும் பாதாமும் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நறுக்கினேன், தின்றோம்.

பலகை பற்றிச் சொல்ல வேண்டும். காய் நறுக்கும் பலகை என்னிடம் ஒன்று. காலையில் காளான், வெங்காயம். கழுவு. மத்தியானம் குறிப்பின் முதல் படியே கோழியை வெட்டுவது, இரண்டாவது படி பிராக்கோலி, நடுவில் சோப்புப் போட்டுக் கழுவு. சாயங்காலம் ஆப்பிள். ராத்திரி முதலில் மீன், அப்புறம் பச்சையாகவே சாப்பிடப்போகிற கோஸ். பச்சை இறைச்சி பட்ட பலகையில் பச்சைக்காயை நறுக்கக் கூடாது என்பது அடிப்படை, திட்டம் அதையே வரிசையாக வைத்திருக்கிறது. அன்றைக்கு மட்டும் ஏழு தடவை பலகை கழுவினோம். பாத்திரம் தம்பி பொறுப்பு, ஐந்தாவது தடவை அவன் பலகையைத் தூக்கிக் காட்டி, “அண்ணா, இந்தச் செயலியை எழுதினவங்க வீட்டுல பாத்திரம் யாரு கழுவறாங்கன்னு ஒரு தடவை கேட்டுப் பாரேன்” என்றான். அதைவிட நல்ல விமர்சனம் நான் எழுதப்போவதில்லை.

ராத்திரி மீன் நன்றாக வந்தது. துணியால் ஈரம் துடைத்து, வாணலி காய்ந்த பிறகு தோல் பக்கம் கீழே வைத்து, முதல் நிமிடம் கரண்டியால் லேசாக அழுத்திப் பிடிக்கச் சொன்னது சரியான யோசனை, இல்லாவிட்டால் தோல் சுருண்டு நடுவில் மட்டும் தூக்கிக்கொள்ளும். காலிஃபிளவர்தான் கூழ். உப்புப் போட்டு மூடிவைத்து எட்டு நிமிடம் என்று எழுதியிருந்தது. உப்புத் தண்ணீரை இழுத்து வெளியே விடும், மூடி அந்தத் தண்ணீரை உள்ளேயே வைத்திருக்கும், சோறு எங்கிருந்து வரும்? மறுநாள் மீதிப் பாதியை அகலமான வாணலியில் மூடாமல், நல்ல சூட்டில், ஐந்து நிமிடம் வதக்கிக் கடைசியில் உப்புப் போட்டேன், உதிரி உதிரியாக வந்தது. மிக்ஸியில் போடாதீர்கள், துருவியில் துருவுங்கள், மிக்ஸி அடியில் இருப்பதை மாவாக்கிவிடும்.

இனிக் கணக்கு. இந்தச் செயலியை விற்பதே இந்தக் கணக்கைக் காட்டித்தான், வட்டம் வட்டமாக வண்ணம் நிரம்பும். அந்த நாளுக்கு ஆளுக்குப் புரதம் 110 கிராம், 1,240 கலோரி என்று காட்டியது. எனக்குப் புரதத்தில் இடித்தது. கோழி 150 கிராம் என்று குறிப்பில் இருக்கிறது, பச்சையா வெந்ததா என்று இல்லை. வாங்கும் பட்டியலிலும் அதே 150, எனவே பச்சை என்றுதான் ஆகிறது. பச்சை நெஞ்சுக்கறி 100 கிராமில் புரதம் 23 கிராம் அளவுக்கு இருக்கும், வெந்தபின் தண்ணீர் போய் எடை கால்வாசி குறைவதால் அதே 100 கிராமில் 31. செயலி 150 கிராமுக்கு 46 என்று போட்டிருக்கிறது, அதாவது பச்சை எடையை வெந்த எண்ணால் பெருக்கியிருக்கிறது. சரியான விடை 34 சொச்சம். 12 கிராம் காற்றில் போனது, இரண்டு முட்டைக்குச் சமம்.

எண்ணெய் இன்னும் மோசம். நாலு குறிப்பிலும் ‘தேவையான அளவு ஆலிவ் எண்ணெய்’. தேவையான அளவுக்குக் கலோரி என்ன என்று போட்டிருக்கிறார்கள்? பூஜ்யம். காலையில் ஏதோ தோன்றி எண்ணெய்ப் பாட்டிலைத் தராசில் வைத்து எடையைக் குறித்து வைத்திருந்தேன், ராத்திரி மறுபடி வைத்தேன். 108 கிராம் குறைந்திருந்தது. ஆளுக்கு 54 கிராம், அதாவது நாலு மேசைக்கரண்டி, ஏறக்குறைய 480 கலோரி. வட்டத்தில் எங்கேயும் இல்லாத 480. எடை குறையவில்லையே, பேலியோ வேலை செய்யவில்லையே என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்கப்போவது எண்ணெய்ப் பாட்டிலின் எடையைத்தான். எண்ணெய் கெட்டது என்று சொல்லவில்லை, இந்த முறையில் கொழுப்புத் தாராளமாகவே வரும், ஆனால் எண்ணத் தெரியாத கணக்கை வண்ணம் அடித்துக் காட்டாதே என்கிறேன்.

அப்புறம் கால்சியம். இது முகப்பில் கிடையாது, மூன்று திரை உள்ளே போய் ‘மேலும்’ என்பதைத் தட்டினால்தான் தெரியும். அன்றைய நாளுக்கு ஐந்நூறு மில்லிகிராமைக்கூடத் தொடவில்லை, பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்வது 1,000. அந்த அளவிலும் ஒரு பங்கு பசலைக்கீரையிலிருந்து, அதில் உள்ள ஆக்சலேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் உடம்பில் சேர்வது மிகக் கொஞ்சம். பாலை எடுத்துவிட்ட முறையில் முதலில் பார்க்க வேண்டிய எண் இதுதான், அதைப் போய் மூலையில் ஒளித்துவைத்திருக்கிறார்கள். வழி இல்லாமல் இல்லை, முள்ளோடு டப்பாவில் அடைத்த மத்தி மீன் 100 கிராமில் 380 மில்லிகிராம் வரை இருக்கும், ராத்திரி மீனை அதுவாக மாற்றினால் படம் மாறிவிடும். செயலி அதைச் சொல்லாது. இன்னொன்றும் சொல்லாது. பதிவு செய்யும்போது வயது, எடை, உயரம் எல்லாம் கேட்டது, மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்கவில்லை. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுக்கிறவர்கள் தானியத்தை ஒரே நாளில் நிறுத்தினால் சர்க்கரை அளவு ஆபத்தாக இறங்கிவிடலாம், மருத்துவரிடம் பேசாமல் இதைத் தொடக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் அப்படியே.

அடுத்த ஞாயிறு அதே நாலு வேளையை, அதே பொருள்களை வைத்து, ஒரு தாளில் என் வரிசையில் எழுதிச் சமைத்தேன். எழுந்தவுடன் கிழங்கைக் குளிர்ந்த ஓவனில் வைத்துச் சூட்டைப் போட்டாயிற்று. அது வேகிற 70 நிமிடத்தில் அன்றைக்குத் தேவையான எல்லாக் காயும் ஒரே இருப்பில், பச்சையாகச் சாப்பிடும் கோஸ் முதலில், அப்புறம் வெங்காயம், காளான், பிராக்கோலி, காலிஃபிளவரைத் துருவி டப்பாவில். கோழி கடைசி. பலகை ஒரு தடவைதான் கழுவினேன். கிழங்கு வெளியே வந்ததும் சூட்டை 220-க்கு ஏற்றி, கோழி ஒரு தட்டு, பிராக்கோலி ஒரு தட்டு, இடைவெளி விட்டு உள்ளே, அது ஆகிற நேரத்தில் ஆம்லெட் போட்டுச் சுடச்சுடச் சாப்பிட்டோம். கோழியைக் கொஞ்சம் ஆறவைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்தாயிற்று, மத்தியானம் சூடுபண்ணினால் போதும். ராத்திரிக்கு மீனும் காலிஃபிளவரும் மட்டும், கால்மணி வேலை. பாத்திரம் கழுவுவதையும் சேர்த்துப் போன வாரம் மூன்று மணி இருபது நிமிடம், இந்த வாரம் ஒரு மணி ஐம்பது. பலகை ராத்திரி மீனுக்கு இன்னொரு தடவை, ஆக மொத்தம் இரண்டு. சமையல் குறிப்பு ஒன்றையும் நான் கண்டுபிடிக்கவில்லை, கிழங்கு எப்போது உள்ளே போக வேண்டும் என்று யோசித்தேன், அவ்வளவே. இதைச் செய்ய ஒரு கணினியால் முடியாதா என்ன?

சந்தா விஷயம். ஏழு நாள் இலவசம் என்று உள்ளே இழுத்து, எட்டாம் நாள் ஒரு வருடத்துக்குச் சேர்த்துப் பணம் எடுத்துக்கொண்டார்கள். சின்ன எழுத்தில் போட்டிருந்ததாம், நான் படிக்கவில்லை, என் தப்பு பாதி. நிறுத்தும் பொத்தான் எங்கே என்று தேடினால் கணக்கு, அமைப்புகள், திட்டம், உதவி என்று நாலு வாசல் தாண்டி இருக்கிறது, அங்கேயும் ‘கொஞ்சம் பொறுங்களேன்’ என்று அந்த ஈட்டிக்காரர் அழுத முகத்தோடு வருகிறார். செயலியை அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள், நிற்காது. போனின் சந்தா பகுதிக்குப் போய் நிறுத்த வேண்டும். இலவச நாள்களிலேயே நிறுத்திவிட்டாலும் மிச்ச நாள் பெரும்பாலும் ஓடும், எனவே சேர்ந்த அன்றைக்கே நிறுத்திவையுங்கள்.

யாருக்கு உதவும்? சமைக்க நன்றாகத் தெரியும், ஆனால் இன்றைக்கு என்ன செய்வது என்று யோசித்து யோசித்துச் சலித்துப்போனவர்களுக்குக் குறிப்புத் தொகுப்பாக உதவும். மாதச் சந்தா மட்டும் எடுத்து, பிடித்த பத்துப் பன்னிரண்டு குறிப்புகளைத் தாளில் எழுதிக்கொண்டு வெளியே வந்துவிடலாம், அதில் தப்பில்லை. புதிதாகச் சமைக்க வருகிறவர்களுக்கு வேண்டவே வேண்டாம், கோழி 61 டிகிரியில் வெளியே வந்துவிடும்.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். அதில் ஒன்று மீனுக்கும் காளானுக்கும் அந்தப் பட்டியல் தட்டலுக்கும் சேர்த்து. இன்னொன்று முழுக்கக் கிழங்குக்கு.